எங்கள் புஞ்சைக்கு வரும் காவிரி

மாயனூரில் காவிரிக் கரையோரம் குடியிருக்கும் மாப்பிள்ளை வீரபாண்டி அவர்களுக்கு, திருச்சுழிப் பக்கத்துக் கரிசலிலிருந்து மச்சான் சுந்தரபாண்டி வணக்கம் சொல்லி எழுதுவது. இங்கே நானும் பொன்னுத்தாயும் நலம். மழைதான் இன்னும் வந்து சேரவில்லை. தங்கை அமுதவள்ளியும் பிள்ளைகளும் சுகமென்று நம்புகிறேன். போனில் கேட்டால் தாங்கள் சிரித்துவிடுவதால் இதை எழுத்தில் கேட்கிறேன்.

ஆவணிக் கடைசியில் இரண்டு அதிகாரிகள் ஜீப்பில் வந்து, எனது இரண்டு ஏக்கர் புஞ்சையின் நட்ட நடுவில் வெள்ளையடித்த கல் ஒன்றை ஊன்றினார்கள். என்னவென்று கேட்டேன். "காவேரி வருது பெரியவரே. மாயனூர்ல கால்வா பிரிஞ்சு, புதுக்கோட்டைப் பக்கமா வந்து, வைகையத் தாண்டி நம்ம குண்டாத்துல சேரும்" என்றார் ஒருவர். எப்போது என்றேன். "மேல கேக்கணும்." "மேலன்னா மேட்டூர்லயா, குடகுலயா?" "சென்னையில" என்று சொல்லிவிட்டு ஏறிப் போய்விட்டார்கள். குடகில் பிறந்து, மேட்டூரில் தேங்கி, டெல்டா வழியாகக் கடலுக்குப் போகிற ஆற்றைப் பற்றிச் சென்னையில் ஏன் கேட்க வேண்டும் என்பதில்தான் என் குழப்பம் தொடங்கியது.

கால்வாய் வந்தால் நிலம் போகும் என்று பயந்து, அன்று மத்தியானமே நானும் பொன்னுத்தாயும் கல்லைப் பிடுங்கி, பக்கத்துப் புஞ்சைக்காரன் ராஜபாண்டி நிலத்தில் ஊன்றிவிட்டோம். தப்புத்தான். மறுநாள் டீக்கடையில், கால்வாய்க் கரைக்காரனுக்குத்தான் முதல் தண்ணீர், நெல்லே போடலாம் என்றார்கள். ஓடிப்போய்க் கல்லைத் திருப்பிக் கேட்டேன். ராஜபாண்டி அதன்மேல் உட்கார்ந்திருந்தான். "ஏலே, எம் புஞ்சையில இருக்க கல்லு. காவேரி எனக்கு. ஒனக்கு வேணும்னா தாமிரபரணியக் கேளு" என்றான். நான்கு நாள் பேச்சில்லை. பிறகு தாங்கள் போனில் சொன்னதை, அதாவது அங்கே மணலை அள்ளி அள்ளி ஆறு பள்ளமாகிவிட்டது, சாயத் தண்ணீர் கலக்கிறது, கிணறுகள் இறங்கிவிட்டன, கடைமடையில் கடல்நீர் உள்ளே ஏறுகிறது, இங்கே வரப்போவது வெள்ளக்கால மிச்சத் தண்ணீர் மட்டும்தான் என்பதையெல்லாம் ஆற்றாமையில் அவனிடம் சொல்லிவிட்டேன். மறுநாள் பார்த்தால் கல் என் புஞ்சையில் நிற்கிறது. அதன்பின் இரண்டு முறை போய் வந்துவிட்டது. அந்தக் கல்லை நம்பி வெட்டினால் கால்வாய் ஆடு மேய்ந்த தடம் மாதிரிதான் போகும்.

இப்போது விஷயம் என்னவென்றால், புரட்டாசி பாதி போய்விட்டது. முதல் மழைக்கு முன்னே காய்ந்த புழுதியில் குதிரைவாலியை விதைத்தாக வேண்டும். மழை இறங்கிவிட்டால் கரிசலில் கால் வைக்க முடியாது. விதைத்தபின் வெட்ட வந்தார்களானால் விதை மண்ணோடு போகும். விதைக்காமலிருந்து கால்வாயும் வராவிட்டால் வருஷம் முழுக்கச் சாப்பாட்டுக்கு ஒன்றுமில்லை. பொன்னுத்தாய் தினமும் விதைப்பெட்டியோடு வந்து நிற்கிறாள். "ஆத்துக்கு நடுவுல வெதைக்கச் சொல்றியே" என்றால், "ஆறு எங்க இருக்கு, காட்டுங்க" என்கிறாள். எனக்குக் காட்டத் தெரியவில்லை. ஆகவே தாங்கள் ஒருநாள் அங்கே கால்வாய் பிரிகிற கதவணைப் பக்கம் போய், அங்கே மிச்சத் தண்ணீர் உண்டா, உண்டென்றால் எத்தனை அடி, அது இந்தப் பக்கம் திரும்புகிற மாதிரித் தெரிகிறதா என்று பார்த்து உடனே எழுதவும். பதில் வரும்வரை விதைப்பதில்லை என்று தீர்மானமாக இருக்கிறேன்.

தங்கள் வீட்டுக் கிணறு ஊறவும், பிள்ளைகள் படிப்பில் தேறவும் எங்கள் ஆசிகள்.

இப்படிக்கு, குழப்பத்துடன்,
சுந்தரபாண்டி

பின்குறிப்பு: தபால் தலை வாங்கத் திருச்சுழிக்குப் போய்த் திரும்புவதற்குள், பொன்னுத்தாய் இரண்டு ஏக்கரையும் விதைத்து, உழுது மூடிவிட்டாள். டிராக்டர் ஓட்டியது ராஜபாண்டி. ஆகையால் மேலே கேட்டதற்குப் பதில் வேண்டாம். கதவணைப் பக்கம் எப்படியும் போவீர்களானால், காவிரியைத் தை அறுப்பு முடிந்து வரச் சொல்லவும்.