வற்ற வைத்த வயல்

கோய் தன் வயலுக்கு வந்தபோது பயிர் கணுக்கால் தண்ணீரில் நின்றது. அண்ணன் வீட்டு நினைவுநாள் விருந்தில் நேற்றிரவு பன்றிக்கறி தின்றுவிட்டு, அங்கேயே தூங்கி, நேராக இங்கே வந்திருந்தான்.

மூன்று நாள் முன்புதான் அங்கே மண் வெடித்துக் கிடந்தது. கூட்டுறவுச் சங்க வகுப்பில் கற்றுவந்து அவன் மனைவி தியெப் வயலில் நட்ட துளைக்குழாய்க்குள் தண்ணீர் மண்மட்டத்துக்கு ஒரு சாண் கீழே இறங்கினால்தான் மோட்டாரைத் தொடலாம். தண்ணீர் மிச்சம்; வயலிலிருந்து கிளம்பும் கெட்ட வாயுவும் குறைவு. ஒன்பது மணிக்கு அவள் படகில் அழைத்துவரும் இருபது விவசாயிகளுக்கும் இது பிடித்துப்போனால்தான், ஊர் நெல்லை நல்ல விலைக்கு எடுக்க ஆள் வரும்.

போன போகத்தில் பயிர் வாடுவதைப் பொறுக்காமல் கோய் திருட்டுத்தனமாகத் தண்ணீர் பாய்ச்சிவிட்டான். தியெப் மூன்று நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. இன்று ‘நான் இல்லை’ என்றால் யார் நம்புவார்கள்? நண்டு வளையில் கசிந்திருக்க வேண்டும்.

கைப்பேசி அடித்தது. தியெப்.

“வயல் எப்படி இருக்கு?”

“நீ விட்டுட்டுப் போன மாதிரியே இருக்கு.”

“அப்படியே இருக்கட்டும். இன்னைக்காவது கை வைக்காம இரு.”

மண்வெட்டியை எடுத்து வாய்க்கால் பக்கத்து வரப்பை வெட்டினான். வாய்க்காலில் கடல் ஏற்றத் தண்ணீர், வயலைவிட உயரமாக. வயல் வடியவில்லை; வாய்க்கால்தான் உள்ளே வந்தது, ஆகாயத்தாமரையோடு. உடைப்பில் உட்கார்ந்து முதுகால் அடைத்துக்கொண்டே சேற்றை அள்ளி அப்பினான்.

அடுத்து மோட்டார். அதன் குழாயைக் கிழக்கே வீசினான். கால் மணி நேரத்தில் பக்கத்து வயல்காரி வந்து நின்றாள். வீட்டில் ஏழாவதாகப் பிறந்தவள், ஊருக்கே ஏழாம் அக்கா.

“தம்பி, என் தர்பூசணி மிதக்குது. படகு விடப் போறியா?”

“அக்கா, தியெப் வர்றதுக்குள்ள இது வத்தணும். இல்லேன்னா என்னை வீட்டுக்குள்ள சேர்க்க மாட்டா.”

“திரும்பவும் பாய்ச்சிட்டியா?”

“என் அம்மா மேல ஆணையா நான் இல்லக்கா.”

“போன தடவையும் அம்மா மேலதான் ஆணை வச்சே. பாவம் அந்த அம்மா.” பிறகு போய்த் தன் மோட்டாரையும் கொண்டுவந்தாள். “என் பக்கம் வேணாம். உன் மீன்குளத்துல விடு.”

இரண்டு மோட்டாரும் உறுமின. குளம் நிறைந்தது, வழிந்தது. ஆறு மாதம் தவிடு போட்டு வளர்த்த கெளுத்திகள் ஒவ்வொன்றாகக் கரையேறிப் பாதையில் துள்ளின. கோய் ஒரு வாளியில் நாலைப் பிடித்தான். மற்றவை வாய்க்காலோடு போய்விட்டன. அவன் திரும்பிப் பார்க்கவில்லை. குழாய்க்குள் குச்சியை விட்டுப் பார்த்தான். அரைச் சாண் இறங்கியிருந்தது. இன்னும் கொஞ்சம்.

படகுச் சத்தம் கேட்டபோது வயலில் சேறு மட்டும்தான் இருந்தது. மோட்டார்களை வைக்கோலில் மறைத்து, வாளியைக் காலுக்குப் பின்னால் தள்ளி, சேறு வழிய நெஞ்சை நிமிர்த்தினான்.

தியெப் வரப்பில் ஏறினாள். வயலைப் பார்த்தாள். அவனைப் பார்த்தாள். பெருமையில் வாயடைத்துவிட்டாள் என்று கோய் நினைத்தான்.

அவளுக்குப் பின்னால் வந்த விவசாயிகளில் ஒருவர் தொப்பியைக் கழற்றிக்கொண்டு, பணிவாகக் கேட்டார்:

“ஏன்க்கா, பூக்குற வாரத்துல மட்டும் வயலைக் காயவிடக் கூடாது, நேத்து ராத்திரி பூரா முழிச்சிருந்து தண்ணி கட்டி வச்சிருக்கேன்னு சொன்னீங்களே, அது எந்த வயல்?”