செல்விக்கு மாப்பிள்ளை பார்த்த கதை

மெற்றில்டா சித்தி! எங்கள் ஊர் வோபர்னில் உங்களைப் போலத் தலை நிமிர்ந்து நடந்த மனுசி ஒருத்தியும் இல்லை. தோளில் பல்லி இருந்தாலும் அப்படித்தான் நடப்பீர்கள்.

சித்திக்கு மரக்கறிக் கடையில் வேலை. ஒருநாள் வாழைக்காய்ப் பெட்டிக்குள்ளிருந்து குட்டிப் பல்லி ஒன்று எட்டிப் பார்த்தது. முதலாளி செருப்பைக் கழற்றினார். சித்தி குறுக்கே நின்றார்.

"அண்ணை, அடிக்கிறதெண்டா முதல் எனக்கு அடியுங்கோ."

விரல் நீளம்தான் இருக்கும். மண் நிறம், முதுகில் கறுப்பு நெளிகோடுகள். கண்ணுக்கு இமை கிடையாது. நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைக்கும். சித்தி அதற்குச் 'செல்வி' என்று பெயர் வைத்து, எங்கள் குசினி ஹீற்றருக்கு மேலே, அந்தோனியார் படத்துக்குப் பின்னால் குடிவைத்தார். சாப்பாடு, பிசைந்த வாழைப்பழம்.

சித்திக்கு அப்போது நாற்பத்தாறு வயது, கலியாணம் ஆகவில்லை. பக்கத்து வீட்டு றோசலின் அன்ரிக்கு அதுதான் தீராத வருத்தம்.

"பிள்ளை, மில்லிக்கன்ல ஒரு மாப்பிள்ளை. சொந்த வீடு, சொந்தத் தலைமயிர்."

"முதல் செல்விக்குப் பாருங்கோ அன்ரி."

அன்ரி உண்மையாகவே பார்த்தார்! பிக்கரிங் ஊரில் பல்லி வளர்க்கும் பொடியன் ஒருவனைக் கூட்டி வந்தார். அவன் படத்துக்குப் பின்னால் டோர்ச் அடித்துச் சிரித்தான்.

"அன்ரி, இந்த இனத்தில எல்லாமே பெட்டைதான். ஆண் தேவையில்லை, தானே முட்டையிடும். இஞ்ச பாருங்கோ, ரெண்டு ஒட்டி வைச்சிருக்கு."

"உது கூழ்முட்டை. ஆம்பிளை இல்லாமல் குஞ்சு வருமே?" என்றார் அன்ரி.

"வரும்," என்றார் சித்தி.

அதன்பிறகு அந்தோனியார் அசையவில்லை, ஹீற்றரும் குறையவில்லை. தை மாதக் குளிரில் நாங்கள் வீட்டுக்குள் வியர்த்தோம். அன்ரி தினமும் வந்து, "என்ன, பொரிச்சிட்டுதோ?" என்று கிண்டலடித்தார். சித்தி ஹீற்றரை இன்னும் கொஞ்சம் கூட்டுவார். நான் பார்க்கவில்லை என்று நினைத்துப் படத்துக்கு முன்னால் செபம் சொல்வார்.

ஒரு ஞாயிறு, பூசை முடிந்து வந்தால், நெருப்புக்குச்சி அளவில் இரண்டு குஞ்சுகள் சுவரில்! அன்ரி சிலுவை போட்டுக்கொண்டார்.

சித்தி என்னை இழுத்துப் பக்கத்தில் நிறுத்தினார். என் அம்மா இறந்தபோது எனக்கு நாலு வயது. அன்றிலிருந்து சித்திதான் என்னை வளர்த்தார்.

"செல்விக்கு ரெண்டு, எனக்கு ஒண்டு. எங்களுக்கு என்ன குறை அன்ரி?"

அன்ரி அதற்குப் பிறகு மாப்பிள்ளை பேசவேயில்லை.

போன மாதம் சித்தி போய்விட்டார். மரண அறிவித்தல் எழுதிய அண்ணை தயங்கினார். "தங்கச்சி, உவ கலியாணம் கட்டேல்லையே. பாசமிகு தாயார் எண்டு போடலாமோ?"

"பெரிய எழுத்தில போடுங்கோ அண்ணை."

படத்துக்குப் பின்னால் இப்போது ஏழு பல்லிகள். ஹீற்றரை நான் குறைக்கவில்லை. இதை வாசிக்கிற எல்லோரும் என் அம்மா மெற்றில்டாவுக்காக ஒரு செபம் சொல்லுங்கள்.