ரிக்கார்டு அண்ணன் சுமந்துபோன ஒரு கேள்வி

கொடைக்கானல் மலையில் யாருக்காவது மூளை முழுசாக வேலை செய்தது என்றால் அது ரிக்கார்டு அண்ணனுக்கு மட்டும்தான் என்று எங்கே வேண்டுமானாலும் அடித்துச் சொல்வேன். அதே மூளை ஐந்தே ஐந்து வார்த்தைகளைத் தூக்க முடியாமல் மூச்சு வாங்கியதையும் இந்தக் கண்ணால் பார்த்தேன். அந்த அதிர்ச்சி எனக்கு இன்னும் தெளியவில்லை.

பஸ் ஸ்டாண்டுப் பக்கத்து லாட்ஜில் நான் ரிசப்ஷன். கீழே இருந்த ஹோட்டலில் அவர் சப்ளையர். சீசனில் ஒரு டூரிஸ்ட் பஸ் ஆட்கள் மொத்தமும் வந்து உட்கார்ந்தாலும் காகிதம், பேனா எதையும் தொட மாட்டார். எல்லோரிடமும் கேட்டுவிட்டுச் சமையல்கட்டு வாசலில் நின்று ஒரே மூச்சில் ஒப்பிப்பார். "நெய் ரோஸ்ட் ஒண்ணு முறுகலா, ஒண்ணு முறுகாம, ஜன்னலோரத்து அம்மாவுக்கு வெங்காயம் இல்லாம ஊத்தப்பம், அவுக வீட்டுக்காரருக்கு அந்த வெங்காயத்தையும் சேத்துப் போட்டு ஒண்ணு!" ஒருநாள் ஒருவர், நான் கேட்டது வடை, இட்லி ஏன் வந்தது என்று சண்டைக்கு வந்தார். "மொதல்ல வடைன்னீங்க. வீட்டம்மா மொறச்சாங்க. ஒருக்கா இருமுனீங்க. பொறவு இட்லின்னீங்க" என்று அந்த இருமலையும் சேர்த்து இருமிக் காட்டினார். அந்த மனிதர் இட்லியைச் சாப்பிட்டுவிட்டுப் போனார். அண்ணனுக்கு ரிக்கார்டு என்று பெயர் விழுந்தது இப்படித்தான்.

அப்படிப்பட்டவர் ஒருநாள் காலையில், சர்க்கரை இல்லாத காபி கேட்ட பெரியவர் முன்னால் கேசரியைக் கொண்டுபோய் வைத்தார். பக்கத்து மேசையில் பூரி கேட்டவருக்கு வெறும் தேங்காய்ச் சட்னி போனது. சமையல்கட்டே வெலவெலத்துப் போனது. நான் மாடியிலிருந்து இறங்கி ஓடினேன். அண்ணன் கல்லாப்பெட்டி அருகே கண்ணை மூடி உதட்டை அசைத்துக்கொண்டிருந்தார்.

"என்னண்ணே ஆச்சு?"

உள்ளங்கையை என் முகத்துக்கு நேரே நீட்டினார். "பேசாதீங்க தம்பி, விழுந்துரும்."

"என்ன விழுந்துரும்?"

"போச்சு. விழுந்துருச்சு."

விழுந்தது ஒரு ஹிந்தி வாக்கியம். அவருடைய ஒரே மகன் வடக்கே லாரி ஓட்டுகிறவன். போன இடத்தில் ஒரு பெண்ணை விரும்பிக் கல்யாணம் செய்து, செண்பகனூர் வீட்டில் கொண்டுவந்து விட்டுவிட்டு, கொஞ்ச நாளிலேயே மறுபடி லாரி ஏறிவிட்டான். அண்ணனுக்கு மனைவி இல்லை. வீட்டில் மாமனாரும் மருமகளும் மட்டும். அவருக்குத் தமிழ், அவளுக்கு ஹிந்தி. நடுவில் கொடைக்கானல் மூடுபனி.

"சோறே எறங்க மாட்டேங்குது தம்பி அதுக்கு. தட்டப் பாத்துக்கிட்டே உக்காந்து கெடக்கு. மவன் போன்ல கேட்டா ஒண்ணுமில்லங்குது. அடுத்த தடவ லாரி வரும்போது நானும் ஏறி எங்க ஊருக்கே போயிர்றேன்னு அழுகுதாம். வீட்டுக்கு வந்த புள்ள பட்டினியா திரும்பிப் போனா நான் என்ன மனுசன்?"

அதற்காகத்தான் எங்கள் ரொட்டி மாஸ்டரிடம் பாடம். அவர் வடக்கத்திக்காரர். கற்றுக்கொடுத்தது இவ்வளவுதான்: "பேட்டி, கானா க்யூ நஹி காத்தி?" மகளே, ஏன் சாப்பிட மாட்டேன் என்கிறாய்?

"அண்ணே, போன்ல தமிழ்ல பேசுனா அதுவே ஹிந்தியில சொல்லிரும்ல?" என்றேன்.

"பாத்தேன் தம்பி. பொம்பளக் குரல்ல பேசுது. மாமனார் நிக்கிற பக்கமிருந்து பொம்பளக் குரல் வந்தா புள்ள பயந்துராதா? மாஸ்டரக் கூட்டிட்டுப் போனாலும் வேத்தாளுன்னு கூச்சப்படும். நானே கேக்கணும்."

ஒரு பஸ் ஆட்களின் ஆர்டரைத் தூக்குகிறவருக்கு ஐந்து வார்த்தை எப்படிக் கனக்கும்? செயல்நினைவு என்று ஒன்று இருப்பதாகப் பின்னால் படித்தேன். கைவேலையை வைத்துக்கொள்ள மூளைக்குள் இருக்கிற ஒரு சின்ன மேசை அது. பழகிய மொழியில் ஒரு பந்திச் சாப்பாடே ஒரு தட்டில் அடங்கிவிடும். புது மொழியில் ஒவ்வொரு சத்தமும் தனித்தனி டம்ளர். ஒன்றை வைத்தால் ஒன்று உருளும். வாய்க்குள் சொல்லிக்கொண்டே இருந்தால்தான் நிற்கும், யாராவது குறுக்கே பேசினால் மேசையே கவிழும். பாவம், அண்ணனுடைய மேசையில் ஏற்கெனவே பூரியும் பொங்கலும் குவிந்து கிடந்தன.

வேலை முடிந்து டவுன் பஸ்ஸில் வீடு போய்ச் சேர்வதற்குள் வாக்கியம் தினமும் காலி. "எங்கே போகணும்?" என்று கண்டக்டர் கேட்பார். அண்ணன் கையைக் காட்டுவார். "ஏலே, வாயத் தொறந்து சொல்லுய்யா!" என்று கத்துவார் கண்டக்டர். "செண்பகனூர்" என்று இவர் சொன்னால் அந்த ஒரு சொல் உள்ளே போய் மற்ற ஐந்தையும் வெளியே தள்ளிவிடும்.

ராகத்தில் போட்டால் நிற்கும் என்று ரொட்டி மாஸ்டர் யோசனை சொன்னார். அண்ணனுக்குத் தெரிந்த ஒரே ராகம் காவடி எடுத்துப் போகிறவர்கள் பாடுகிற ராகம். அன்றைக்குப் பார்த்து, பழனியில் மொட்டை போட்ட கையோடு மலை ஏறி வந்த ஒரு கூட்டம், தலையில் சந்தனம் காயாமல் அதே பஸ்ஸில் ஏறியிருக்கிறது. இவர் கண்ணை மூடி, "பேட்டி கானாஆஆ" என்று இழுத்தாராம். அந்த இழுப்பைக் கேட்டால் பழனிக்குப் போய்வந்த வாய் சும்மா இருக்குமா? பஸ்ஸே அதிர, "அரோகரா!" என்றது. "க்யூ நஹி காத்தீஈஈ." "அரோகரா!" செண்பகனூர் வரைக்கும் இது நடந்திருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்து மருமகள் முன்னால் வாயைத் திறந்தபோது வந்தது அரோகரா மட்டும்தான். அந்தப் பெண் பதறி எழுந்து, சாமி படத்தைத் தேடிக் கும்பிட்டிருக்கிறாள்.

லாரி கிளம்பிவிட்டது என்று மகனிடமிருந்து போன் வந்ததும் அண்ணன் முகம் செத்துப்போனது. எனக்குப் பொறுக்கவில்லை. அன்று சாயங்காலம் நானே துணைக்குப் போனேன். டிக்கெட் நான் எடுத்தேன். பேச வந்தவர்களிடமெல்லாம், "அண்ணனுக்குப் பல் பிடுங்கியிருக்கு" என்று சொல்லிக் காவல் காத்தேன். அவர் உதடு அசைய அசைய வந்தார். நான் தெருவிலேயே நின்றுகொண்டேன்.

உள்ளே அவர் குரல் கேட்டது. "பேட்டி, கானா க்யூ நஹி காத்தி?" ஒரு எழுத்து பிசகவில்லை. நான் துள்ளிக் குதித்தேன்.

அடுத்த நொடி அந்தப் பெண் மடை திறந்தமாதிரி பேச ஆரம்பித்தாள். அழுகை, நடுநடுவே விம்மல், மறுபடி பேச்சு. அண்ணன் வாசலுக்கு ஓடிவந்தார். அவர் முகத்தில் அப்படி ஒரு பீதியை நான் பார்த்ததே இல்லை.

"தம்பி! பதில் சொல்லுது!"

கேள்வி கேட்டால் பதில் வரும் என்று எங்கள் இருவருக்கும் தோன்றவே இல்லை. என் ஹிந்தியோ ரூம் ஹை, ரூம் நஹி ஹை என்பதோடு சரி. நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உள்ளங்கையை நீட்டித் தடுத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

மறுநாள் வெள்ளனே, கண்டக்டருக்குப் பயந்து, செண்பகனூரிலிருந்து மலைப்பாதையில் நடந்தே வந்தார். யார் முகத்தையும் பார்க்காமல் நேரே ரொட்டி மாஸ்டர் முன்னால் போய் நின்று ஒப்பித்தார். அர்த்தம் ஒரு சொல்லுக்குக்கூடத் தெரியாது. ஆனால் தட்டு முன்னால் உட்கார்ந்தவள் சொன்னதை ஆர்டராகவே எடுத்துக்கொண்டாரோ என்னவோ, அவள் பேசியது அத்தனையும் வந்தது. விம்மின இடத்தில் விம்மினார். தொண்டை அடைத்த இடத்தில் நிறுத்தினார். மாஸ்டர் பிசைந்த மாவை அப்படியே விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார்.

"என்னப்பா சொல்லுது அது?"

மாஸ்டர் தனக்குத் தெரிந்த தமிழில் சொன்னார். "அண்ணா, நீ சாப்பாடு போட்டு, கையில வாளி வெச்சு பக்கத்துல நிக்குது. அப்பா நிக்குது, பொண்ணு எப்படி உக்காந்து சாப்பிடும்? எங்க ஊர்ல அப்படி இல்லே. நீயும் உக்காரு, அப்பா. அவ்ளோதான் சொல்றா."

அண்ணன் வாளி பிடிக்கிற தன் கையைக் குனிந்து பார்த்தார். எனக்கும் அப்போதுதான் உறைத்தது. இத்தனை வருடத்தில் அவர் உட்கார்ந்து சாப்பிட்டு நாங்கள் யாருமே பார்த்ததில்லை. பரிமாறுகிறவர் சாப்பிடுகிறவர் பக்கத்தில் நிற்க வேண்டும், தட்டு காலியாகும் முன்னே ஊற்ற வேண்டும். வீட்டிலும் அதையே மரியாதை என்று நினைத்து, அந்தக் குழந்தை முன்னால் சாம்பார் வாளியோடு நின்றிருக்கிறார். நின்று நின்றே அவளைப் பட்டினி போட்டிருக்கிறார்!

"வெரசா வந்துர்றேன் தம்பி" என்று துண்டை உதறித் தோளில் போட்டார்.

வெரசா வரவில்லை. லாரி வந்து திரும்பிப் போனபோது அந்தப் பெண் அதில் ஏறவும் இல்லை. அதெல்லாம் பிறகு. அன்று மத்தியானம் ஒரு பஸ் ஆட்கள் வந்து இறங்கிவிட, ரிசப்ஷனைப் பூட்டிவிட்டு நானே வாளியைத் தூக்கினேன். ஒரு ஆர்டர்கூட உருப்படியாகப் போய்ச் சேரவில்லை. முதலாளியிடமும் பஸ்காரர்களிடமும் வாங்காத திட்டில்லை. ஆனால் அந்நேரம் எங்கள் அண்ணன் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார் என்று நினைக்க நினைக்க, எனக்கு வயிறு நிறைந்தே இருந்தது.