மூன்றாம் வடிவத்தின் மகிமை

குடிநீர் வாரியத்தில் காகிதத்தை யாரும் படிப்பதில்லை என்பது ஒருநாள் மேலிடத்துக்குத் தெரிந்துவிட்டது. படிக்காதவர்களைப் படிக்க வைப்பதைவிட, படிக்க வேண்டிய அவசியமே இல்லாமல் செய்துவிடுவது நிர்வாகத்துக்குச் சுலபம். ஆகவே, இனி உத்தரவு, சுற்றறிக்கை, பழுது பார்க்கும் முறை எல்லாமே காணொளியாக வரும் என்று அறிவித்து, ஊழியர்களுக்கு ஆளுக்கொரு கைக்கருவி கொடுத்தார்கள். மின் வாரியத்தில் கொடுத்துவிட்டார்கள், நம்மிடம் இல்லையென்றால் கௌரவக் குறைச்சல். இதைத் தவிர வேறு காரணத்தை யாரும் கேட்கவும் இல்லை, சொல்லவும் இல்லை.

முதல் காணொளியைப் பார்த்து வேலைக்கு இறங்கியவர் ஒரு குழாய் ரிப்பேர்காரர். தெருவில் பள்ளத்துக்குள் இறங்கி, கருவியைக் கையில் பிடித்துக்கொண்டார். "வால்வை முழுவதும் திறக்கவும்" என்றது படம். திறந்தார். அதோடு படம் நின்று, நடுவில் ஒரு வளையம் சுற்ற ஆரம்பித்தது. அடுத்து என்ன செய்வது என்று படம் சொல்லவில்லை. சொல்லாததைச் செய்தால் விளக்கம் கேட்பார்கள். மனிதர் இடுப்பளவு தண்ணீரில், கருவியைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்தபடி காத்திருந்தார். தெருவே மிதந்தது. அவருடைய கீழ்ப்படிதலைப் பாராட்டுவதா, தண்ணீரை வீணாக்கியதற்குத் தண்டிப்பதா என்று புரியாமல் வாரியம் இரண்டையும் செய்தது.

அதன் பிறகுதான் தலைமை அலுவலகத்துக்கு அந்த ஆணை வந்தது: "கையடக்கக் கருவிகளில் காணொளி வடிவங்களின் ஓட்டத்திறனைச் சோதித்து, உகந்த வடிவத்தைப் பரிந்துரைக்கவும்."

ஆணை வந்த சமயத்தில் லிஃப்ட்காரர் தரைத்தளத்தில் ஒரு முக்காலியில் உட்கார்ந்து, கண்காணிப்பாளரை மனதுக்குள் வறுத்தெடுத்துக்கொண்டிருந்தார். காரணம் இருந்தது. "பொத்தானை அமுக்க எல்லாருக்கும் விரல் இருக்கும்போது அதுக்குன்னு ஒரு ஆள் எதுக்கு?" என்று கண்காணிப்பாளர் ஒரு கூட்டத்தில் கேட்டுத் தொலைத்தார். உடனே லிஃப்ட்டுக்குத் தானே கதவு திறக்கும் ஞானம் வந்தது. லிஃப்ட்காரர் உபரி ஆனார். உபரி ஆனவர்களை மலையடிவாரக் கிடங்குக்கு மாற்றுவது வாரியத்தின் வழக்கம். அங்கே துருப்பிடித்த குழாய்களும், அவற்றைக் காவல் காத்துத் துருப்பிடித்த மனிதர்களும் இருந்தார்கள்.

வீட்டில் மனைவி தெளிவாகச் சொல்லிவிட்டாள்.

"நான் வரல. பொண்ணு பச்சைப் பிள்ளையோட படுத்திருக்கா. அவளப் பாக்கறதா, உங்க குழாயப் பாக்கறதா?"

"அப்போ என் சோத்துக்கு?"

"அந்தக் கண்காணிப்பாளரக் கேளுங்க. அவருக்குத்தான் விரல் இருக்குதாமே, ஆக்கிப் போடட்டும்."

வெந்நீர் வைக்கக்கூடத் தெரியாத மனிதர் அவர். எப்பாடு பட்டாவது தலைமை அலுவலகத்திலேயே ஒட்டிக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் மலையடிவாரத்தில் பட்டினி. இந்தக் கவலையோடு இருந்தவரைத்தான் இயக்குநர் அறையிலிருந்து கூப்பிட்டார்கள்.

உள்ளே ஆணையை மேசை நடுவில் வைத்துச் சுற்றி மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். இயக்குநர், கண்காணிப்பாளர், கணினிப் பிரிவிலிருந்து வந்திருந்த ஒரு பெண்.

"படம் ஓடுதா இல்லையான்னு பாக்கணும். அவ்வளவுதானே சார்?" என்றார் கண்காணிப்பாளர்.

"அவ்வளவுதான்னா 'ஓடுதா'ன்னு போட்டிருப்பாங்களே? 'ஓட்டத்திறன்'னு எதுக்குப் போடறாங்க?" இயக்குநர் விரலால் அந்தச் சொல்லைத் தட்டினார். "அதுவும் கையடக்கக் கருவின்னு. கையில பிடிச்சுக்கிட்டு ஓடணும். நம்ம ஆளுங்க வெளியில ஓடியாடி வேலை செய்யறவங்க. ஓடும்போது படம் எப்படித் தெரியுதுன்னு கேக்கறாங்க. மேலிடத்துல எவ்வளவு நுணுக்கமா யோசிக்கறாங்க பாருங்க."

கணினிப் பெண் தொண்டையைச் செருமினாள். "சார், வடிவம்னா... ஒரே படத்தைப் பல விதமா மடிச்சு வைக்கலாம் சார், துணி மடிக்கிற மாதிரி. சில மடிப்பு நம்ம கருவிக்குப் பிரிக்கத் தெரியாது. அதனாலதான் நிக்குது. ஓட வேண்டியதில்ல சார், உக்காந்தே பாக்கலாம்."

"மடிப்புன்னா மடிப்புன்னு எழுதியிருக்கணும். இங்க வடிவம்னுதானே இருக்கு?"

"ஆமா சார்."

"அப்புறம்?"

"ஓடலாம் சார்" என்றாள் அவள். வேலைக்குச் சேர்ந்து அதிக நாள் ஆகவில்லையென்றாலும் வேலை பழகிவிட்டது.

இயக்குநர் லிஃப்ட்காரர் பக்கம் திரும்பினார். "நீங்கதான் ஓடணும்."

"எனக்கு முட்டி வலி சார்."

"எப்படி வரும்? இத்தனை வருஷம் லிஃப்ட்டுக்குள்ள நின்ன இடத்துலயே நின்ன காலு. இந்த அலுவலகத்துலயே தேயாத காலு உங்களுதுதான். சோதனை நல்லபடியா முடிஞ்சா ஓட்டச் சோதனையாளர்னு இங்கேயே ஒரு இடம் போட்டுத் தரேன். இல்லேன்னா கிடங்கு."

முட்டி வேண்டாம் என்றது, வயிறு சம்மதித்தது.

"ஓடறவர் வழியப் பாப்பாரா, படத்தப் பாப்பாரா?" என்று கண்காணிப்பாளர் தன் புத்தியைக் காட்டினார். "யாராவது படத்தப் பாக்கணுமே சார்."

"சரியாச் சொன்னீங்க. நீங்க கூடவே ஓடிப் பாருங்க."

கண்காணிப்பாளரின் முகம் போன போக்கைப் பார்த்ததும் லிஃப்ட்காரருக்கு முட்டி வலி பாதி குறைந்துவிட்டது.

சோதனைக்கு எந்தப் படம் என்ற கேள்வியே எழவில்லை. இயக்குநரின் வரவேற்புரைதான். அதை மூன்று வடிவங்களில் மடித்துக் கொடுத்தாள் கணினிப் பெண். விதிமுறையை இயக்குநரே சொன்னார்: படம் ஓடும் வரை ஓட வேண்டும், படம் நின்றால் நிற்க வேண்டும்.

முதல் வடிவம் வெண்ணெயாய் வழுக்கிக்கொண்டு ஓடியது. அதுதான் ஆபத்தாகப் போயிற்று. இயக்குநர் பேச ஆரம்பித்தால் நிறுத்தத் தெரியாதவர் என்பது வாரியம் முழுக்கத் தெரிந்த விஷயம். லிஃப்ட்காரர் நடைவழியில் ஓடினார். கருவியைப் பார்த்துக்கொண்டே கண்காணிப்பாளர் பக்கத்தில் ஓடினார். வாரியம் தோன்றிய வரலாறு முடிவதற்குள் நடைவழி முடிந்துவிட்டது. மாடிப்படி இறங்கி, வாகனம் நிறுத்துமிடத்தைச் சுற்றி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, மறுபடி படியேறினார்கள்.

"யோவ், மெதுவா ஓடுய்யா" என்று இளைத்தார் கண்காணிப்பாளர்.

"உங்களுக்குத்தான் விரல் இருக்குதே சார், படத்த நிறுத்துங்களேன்."

"நிறுத்தினா முறைகேடாயிடும்யா!"

"அப்போ ஓடுங்க."

முட்டி நெருப்பாய் எரிந்தது. ஆனால் பக்கத்தில் அந்தத் தொப்பை குலுங்கிக்கொண்டு வருவதைப் பார்க்கப் பார்க்க லிஃப்ட்காரருக்கு உள்ளம் குளிர்ந்தது. தன்னை உபரியாக்கிய மனிதரை இழுத்துக்கொண்டு இன்னும் ஒரு சுற்றுகூட ஓடலாம் என்று தோன்றியது. உரை நன்றி கூறும் கட்டத்துக்கு வந்தபோது, இயக்குநர் எல்லாப் பிரிவுகளுக்கும் தனித்தனியாக நன்றி சொல்ல ஆரம்பித்தார். அந்த இடத்தில் இரண்டு பேருமே சுவரைப் பிடித்துக்கொண்டார்கள்.

இரண்டாம் வடிவத்தில் வேறு சிக்கல். உருவம் நின்றுவிட்டது, குரல் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது.

"சார்!" கண்காணிப்பாளர் மாடியைப் பார்த்துக் கத்தினார். "உங்க வாய் நின்னுடுச்சு, பேச்சு நிக்கல! இப்போ நாங்க ஓடறதா, நிக்கறதா?"

இயக்குநர் சன்னலில் நின்று ஆழ்ந்து யோசித்தார். "படத்துக்கு அவர் நிக்கட்டும். பேச்சுக்கு நீங்க ஓடுங்க."

லிஃப்ட்காரர் தொட்டியின் விளிம்பில் உட்கார்ந்து, கண்காணிப்பாளர் தன்னந்தனியாகச் சுற்றிச் சுற்றி வருவதை ரசித்தார். தன் ஆயுளில் இவ்வளவு நல்ல படம் பார்த்ததில்லை என்று அன்று மாலை மனைவியிடம் சொன்னார்.

மூன்றாம் வடிவத்தைப் போட்டார்கள். இயக்குநர் தோன்றினார். "அன்பார்ந்த" என்றார். நின்றார். வளையம் சுற்றியது.

இருவரும் ஓரடி எடுத்து வைத்திருந்தார்கள், அவ்வளவுதான். அப்படியே நின்றார்கள். பிறகு உட்கார்ந்தார்கள். டீ வரவழைத்துக் குடித்தார்கள். வளையம் பாட்டுக்குச் சுற்றிக்கொண்டிருந்தது. காற்று நன்றாக வீசியது.

"இது நல்ல வடிவம்யா" என்றார் கண்காணிப்பாளர், செருப்பைக் கழற்றிவிட்டு.

"ரொம்ப நல்ல வடிவம் சார்" என்றார் லிஃப்ட்காரர். அந்த மனிதரோடு அவர் ஒத்துப்போனது அதுவே முதல் தடவை. அதற்காகத் தன்மேலேயே கொஞ்சம் கோபப்பட்டுக்கொண்டார்.

சோதனைக் குழு கூடியது. முதல் வடிவம் ஊழியர்களின் உடல்நலத்துக்குக் கேடு விளைவிப்பது என்றும், இரண்டாம் வடிவம் ஊழியர்களுக்குள் பாரபட்சத்தை வளர்ப்பது என்றும், மூன்றாம் வடிவம் பாதுகாப்பும் அமைதியும் நிறைந்தது என்றும் கண்காணிப்பாளர் எடுத்துரைத்தார்.

"மூணாவதுல படமே ஓடலையே?" என்றாள் கணினிப் பெண்.

"ஓடாததால ஒரு தப்பும் நடக்கல, கவனிச்சியாம்மா?"

இயக்குநர் கருவியைக் கையில் வாங்கிப் பார்த்தார். மூன்றாம் வடிவத்தில் அவர் முகம் கட்டம் கட்டமாக நின்றிருந்தது. வழுக்கை எங்கே முடிகிறது, சுவர் எங்கே தொடங்குகிறது என்று யாராலும் சொல்ல முடியாது. சுருக்கம் ஒன்றுகூடத் தெரியவில்லை.

"இதுலதான் தெளிவா இருக்கு" என்றார்.

கணினிப் பெண்ணும் யோசித்துப் பார்த்தாள். படம் கொஞ்சம் ஓடினால் 'மிச்சம் ஏன் ஓடல' என்று நூறு பேர் அவளைத் தேடி வருவார்கள். யாருக்கும் ஓடாவிட்டால் அதுதான் படம் என்று இருந்துவிடுவார்கள். அவளும் தலையாட்டினாள். பரிந்துரை ஒருமனதாகப் போயிற்று, மேலிடமும் ஏற்றுக்கொண்டது. கூடவே ஒரு விதியும் வந்தது: காணொளியை முழுமையாகப் பார்த்து முடித்த பிறகே உத்தரவு நடைமுறைக்கு வரும். வாய்மொழியாகவோ காகிதத்திலோ எதுவும் செல்லாது.

வாரியத்தில் பேரமைதி நிலவியது. ரிப்பேருக்குப் போனவர்கள் முதல் படிக்கு முன்பே நின்றார்கள். பழுதே பார்க்காததால், பழுது பார்த்ததில் குறை என்று ஒரு புகாரும் வரவில்லை. சிறந்த வாரியம் என்று கேடயம் கொடுத்தார்கள்.

லிஃப்ட்காரரின் உத்தரவும் வந்து சேர்ந்தது. உடனே திறந்தார். கட்டம் கட்டமான இயக்குநர், "லிஃப்ட்காரர் அவர்களை இன்று முதல்" என்றார். வளையம் சுற்றியது.

அன்று முழுக்கப் பார்த்தார். மறுநாளும் பார்த்தார். பொறுக்க முடியாமல் இயக்குநர் அறைக்கே போனார்.

"சார், இதுல பேசினது நீங்கதானே? இன்று முதல் என்ன சார்? இங்கேயா, கிடங்கா?"

"பேசினது ஞாபகம் இருக்கு. என்ன பேசினேன்னுதான்..." இயக்குநர் நெற்றியைத் தேய்த்தார். "இருந்தாலும் நான் வாயால சொன்னா அது உத்தரவு ஆகாதே. பொறுங்க. என் பதவி உயர்வு உத்தரவே 'வாரியம் மகிழ்ச்சியுடன்'ங்கற இடத்துல நிக்குது."

"மகிழ்ச்சியுடன்னா நல்ல செய்திதானே சார்?"

"அதான் தெரியல. மேல ஏத்தறப்பவும் மகிழ்ச்சின்னுதான் சொல்லுவாங்க, வீட்டுக்கு அனுப்பறப்பவும் மகிழ்ச்சின்னுதான் சொல்லுவாங்க."

கண்காணிப்பாளரின் விடுப்பு 'தங்கள் கோரிக்கையை' என்பதோடு நின்றிருந்தது. போகவும் முடியாமல் இருக்கவும் முடியாமல், பையை மடியில் வைத்துக்கொண்டு நாற்காலியிலேயே உட்கார்ந்திருந்தார். அதைப் பார்த்ததில் லிஃப்ட்காரருக்கு வந்த நிம்மதி கொஞ்சநஞ்சமல்ல.

"அப்போ நீங்க போகலியா?" என்று கேட்டாள் மனைவி.

"போகச் சொன்னாத்தானே போறதுக்கு? இருக்கவும் சொல்லல, போகவும் சொல்லல."

"உத்தரவு முழுசா வர்ற வரைக்கும் இங்கேயே சாப்பிடுங்க" என்று தட்டை எடுத்து வைத்தாள். வேறென்ன வேண்டும்? அவர் அன்றிலிருந்து வளையத்தைக் கோபமாகப் பார்ப்பதை விட்டுவிட்டார்.

வேலை இல்லாமல் இருக்கக் கூடாதென்று, தரைத்தளத்தில் மனு கொடுக்க வருபவர்களுக்குப் பதில் சொல்லும் பொறுப்பைத் தானாகவே எடுத்துக்கொண்டார். ஒருநாள் ஓர் அம்மாள் காலிக் குடத்தோடு வந்து நின்றாள்.

"அண்ணே, எங்க தெருவுல தண்ணி வந்து எவ்வளவு நாளாச்சு தெரியுமா? கேக்கறதுக்கு ஒரு நாதி இல்லையா?"

லிஃப்ட்காரர் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டார். அந்த இறுக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது என்று அவருக்கே தெரியாது. கருவியை எடுத்து அவள் பக்கம் திருப்பினார்.

"உங்க தெரு மேல நடவடிக்கை எடுத்தாச்சும்மா. இதோ பாருங்க, சுத்துது."

அம்மாள் குடத்தைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தாள். நிதானமாகப் பார்த்தாள்.

"ஆமாண்ணே, நல்லா சுத்துது. இத என் போனுக்கு அனுப்பி வைக்கறீங்களா? எங்க தெருவுல இன்னும் ஒருத்தர்கிட்டயும் இது கிடையாது."

அனுப்பி வைத்தார். மறுநாள் காலையில் அந்தத் தெருவே குடங்களைக் கவிழ்த்துப் போட்டு, அதன்மேல் உட்கார்ந்து, ஆளுக்கொரு போனில் வளையம் சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. மத்தியானத்துக்குள் வாரியத்தின் வாசலில் பெருங்கூட்டம், கூச்சல். பக்கத்துத் தெருக்காரர்கள்.

"அவங்க தெருவுக்கு மட்டும் சுத்துது," என்று வாசல் கதவைத் தட்டினார்கள், "எங்க தெருவுக்கு ஏன் சுத்தல?"