எங்கள் மாவட்டத்தில் அதிகம் புழங்கும் தோட்டா

வில்லோ ஃபோர்க், மொன்டானா

மதிப்பிற்குரிய வார இதழ் ஆசிரியர் ராஸ்கோ பீட்டர்மன் அவர்களுக்கு,

வணக்கம். தாங்களும் தங்கள் துணைவியாரும் நலமாக இருப்பீர்கள் என நம்புகிறேன். இங்கு நானும் என் மனைவி டெலோரிஸும், என் இடுப்பைத் தவிர்த்து, நலமே.

சென்ற மாதம் தங்கள் இதழின் வேட்டைப் பக்கத்தில், பனிக்கால டயர் விளம்பரத்துக்குக் கீழே, “நம் மாவட்டத்து மக்களிடம் இன்று அதிகம் புழங்குவது த்ரீ-ஓ-எய்ட் தோட்டாதான்” என்று நான்கு வரி போட்டிருந்தீர்கள். யாரைக் கேட்டுப் போட்டீர்கள் என்று தெரியவில்லை. என்னைக் கேட்கவில்லை. இந்த ஊரில் ஓய்வு பெறும்வரை பள்ளிப் பேருந்து ஓட்டியவன் நான். யார் வீட்டு பிக்கப் வண்டியில் எந்த ரைஃபிள் கிடக்கிறது என்று எனக்குத் தெரியும். பெரும்பாலும் என்னுடையதைப் போலத் தர்ட்டி-ஆட்-சிக்ஸ் தோட்டா போடுகிற ரைஃபிள்தான். ஆகவே தாங்கள் அடுத்த இதழிலேயே மறுப்பு வெளியிட வேண்டும். அந்த நான்கு வரியால் என்னென்ன நடந்தது என்று தெரிந்தால் முடியாது என்று சொல்லமாட்டீர்கள்.

வெர்ன் ஹாகன் என் பக்கத்துப் பண்ணைக்காரன், தனி ஆள், என்னோடு சேர்ந்து வேட்டைக்கு வருபவன். அவனுடையது த்ரீ-ஓ-எய்ட். அன்று காலை உணவு விடுதிக்குள் நுழையும்போதே தங்கள் பத்திரிகையை மடித்துக் கையில் கொடி மாதிரி பிடித்துக்கொண்டு வந்தான். “படிச்சியாடா ஆர்லன்? இல்ல, நான் படிச்சுக் காட்டணுமா?” என்றான். “பத்திரிகைக்காரனுக்கு என்னடா தெரியும், அவன் மீன் பிடிக்கிறவன்” என்றேன். (தவறாக எண்ண வேண்டாம்.) “லேசான துப்பாக்கி, தோள்ல உதைக்காது, தோட்டா எங்கயும் கிடைக்கும், அதான் ஊரே வாங்குது. உன்னோடது உதைக்கிற உதையில உன் மூளையே இடம் மாறிப்போச்சு” என்றான். “தோள் வலிச்சா வீட்ல உக்காந்து ஸ்வெட்டர் பின்னு” என்றேன். அன்றிலிருந்து பேச்சு வார்த்தை நின்றுபோனது. வீட்டுக்கு வந்து டெலோரிஸிடம் முறையிட்டால் அவள் என் தோட்டா ஒன்றையும் வெர்ன் எப்போதோ விட்டுப்போன ஒன்றையும் சமையல் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்த்துவிட்டு, “ரெண்டுலயும் குண்டு ஒரே தடிமன்தானே? உன்னோடது ஒரு விரல் அகலம் உசரமா இருக்கு. இதுக்கா இந்தக் கூத்து?” என்கிறாள். அந்த ஒரு விரல் அகலத்தில்தான் விஷயமே இருக்கிறது என்று எப்படிச் சொல்லிப் புரியவைப்பது?

சரி, ஊரையே கேட்டுவிடலாம் என்று சர்ச் விருந்தன்று எழுந்து நின்று, “தர்ட்டி-ஆட்-சிக்ஸ் வச்சிருக்கிறவங்க கையைத் தூக்குங்க” என்றேன். அதே நேரத்தில் சுடச்சுடப் பலகாரத் தட்டோடு சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு பாதிரியாரின் மனைவி, “ஆப்பிள் பை யாருக்கு வேணும்?” என்று கேட்டுத் தொலைத்தார். மொத்தக் கூட்டமும் கையைத் தூக்கியது, கைக்குழந்தை ஒன்று உட்பட. ஊரே என் பக்கம் என்று நான் சொல்ல, ஊரே பை பக்கம் என்று வெர்ன் கத்த, பாதிரியார் எங்கள் இருவரையும் வெளியே அனுப்பிவிட்டார். பை எங்களுக்குக் கிடைக்கவில்லை.

எல்க் மான் வேட்டை ஆரம்பித்தது. அவன் வண்டி பழுதுபார்க்கப் போயிருந்ததால் என் வண்டியில்தான் வந்தாக வேண்டும். வந்தான். வழி நெடுக இரண்டு பேரும் முன்கண்ணாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம். மலையடிவாரத்தில் இறங்கி, இருக்கையில் கிடந்த தோட்டாப் பெட்டிகளில் ஆளுக்கொன்றை எடுத்துக்கொண்டு, பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் அவனும் இந்தப் பக்கம் நானுமாக ஏறினோம். மேலே போய்ப் பெட்டியைத் திறந்தால், உள்ளே இருந்தது அவனுடைய த்ரீ-ஓ-எய்ட்! இரண்டும் ஒரே கம்பெனி, ஒரே நிறப் பெட்டி. தப்பான தோட்டாவைப் போட்டுச் சுடுகிற முட்டாள் நானில்லை, அப்படியே மூடி வைத்துவிட்டேன். பைனாகுலரை எடுத்து எதிர்ப்பக்கம் பார்த்தால், வெர்னும் பைனாகுலரில் என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறான். என் தோட்டாவை அவன் துப்பாக்கியில் நுழைக்கவே முடியாது. கீழே இறங்கி மாற்றிக்கொண்டால் முடிந்தது வேலை. ஆனால் யார் முதலில் இறங்குவது? அவன் இறங்கட்டும் என்று நான் இருந்தேன். நான் இறங்கட்டும் என்று அவன் இருந்தான். அப்போது கீழே மரங்களுக்குள்ளிருந்து ஒரு கிடா எல்க் வெளியே வந்தது சார், அந்தக் கொம்பை நான் எப்படி வர்ணிப்பேன், எங்கள் இரண்டு வீட்டுக்கும் குளிர்காலம் முழுக்கக் கறி. நடு ஓடையில் நின்று தண்ணீர் குடித்தது, எங்களை நிமிர்ந்து பார்த்தது, உடம்பைச் சிலிர்த்துக்கொண்டு நிதானமாக நடந்து போய்விட்டது.

வெர்ன் எழுந்து நின்று, “எல்லாம் உன்னாலதான்டா!” என்று ஒரு சத்தம் போட்டான். அந்தச் சத்தத்தோடேயே பனியில் கால் வழுக்கிப் பாறையிடுக்கில் விழுந்தான். அதற்கப்புறம் சத்தம் வரவில்லை. நான் எப்படி இறங்கி எப்படி ஏறினேன் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. போய்ப் பார்த்தால் கால் கோணலாகக் கிடக்கிறது, ஆள் வெளுத்துப்போயிருக்கிறான். “வெர்ன், டேய், ஏதாவது பேசுடா” என்றேன். கண்ணைத் திறந்து, “என் தோட்டாவைக் குடு” என்றான். உயிர் இருக்கிறது என்று நிம்மதியாயிற்று.

கறி இழுத்து வரக் கொண்டுபோயிருந்த பிளாஸ்டிக் சறுக்குவண்டியில் அவனைப் படுக்கவைத்து, கயிற்றால் கட்டி, பாதை வரை இழுத்து வந்தேன். இடுப்பு போனது அப்போதுதான். “மெதுவாடா, நான் என்ன எல்க்கா?” என்றான். “எல்க்கா இருந்தா திட்டாம வந்திருக்கும்” என்றேன். மருத்துவமனையில் ஓர் இளவயது டாக்டரம்மா. எப்படி நடந்தது என்று கேட்டதற்கு இருவரும் ஒரே நேரத்தில் சொன்னோம். பொறுமையாகக் கேட்டுவிட்டு, “இப்ப யாருங்க அதெல்லாம் வாங்குறாங்க? எங்க வீட்ல எல்லாரும் புதுசா வந்த சிக்ஸ்-ஃபைவ் தோட்டாதான்” என்றார். நானும் வெர்னும் ஒருவரையொருவர் பார்த்தோம். “அதெல்லாம் ஒரு தோட்டாவா?” என்று ஒரே குரலில் கேட்டோம். அந்த மாதத்தில் நாங்கள் ஒத்துப்போன விஷயம் அது ஒன்றுதான்.

ஆகவே ஐயா, இத்தனைக்கும் காரணமான அந்த நான்கு வரியை மறுத்து, தர்ட்டி-ஆட்-சிக்ஸே நம் மக்களின் தோட்டா என்று முதல் பக்கத்தில் வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். தங்கள் இல்லத்தார் அனைவருக்கும் எங்கள் அன்பு. சாலையெல்லாம் பனிப்பாளம், பார்த்து ஓட்டவும்.

இப்படிக்கு,
ஆர்லன் டெங்ஸ்டால்

பின்குறிப்பு: இதை உறையில் போடுமுன் வெர்னுக்குப் படித்துக் காட்டலாம் என்று அவன் வீட்டுக்குப் போனேன். கட்டுப்போட்ட காலோடு சுவரைப் பார்த்துப் படுத்திருந்தான். டெலோரிஸ் கொடுத்தனுப்பிய சாப்பாடு தொடாமல் இருந்தது. முழுக்கக் கேட்டுவிட்டு, “சரிடா ஆர்லன், உன்னோடதே இருக்கட்டும், போ” என்றான். சார், இவன் எதற்கும் சரி என்று சொல்லி நான் கேட்டதே இல்லை. ஆகையால் மேலே எழுதியது எதையும் தயவுசெய்து போட வேண்டாம். அடுத்த வாரமும் த்ரீ-ஓ-எய்ட்தான் என்று பெரிய எழுத்தில் போடுங்கள். பக்கத்திலேயே, அது வெறும் பொய் என்று என் பெயரில் நாலு வரி காட்டமாகப் போடுங்கள், அவனை ஸ்வெட்டர் பின்னச் சொன்னதையும் சேர்த்துக்கொள்ளலாம். அவன் ஒரு தடவை எழுந்து உட்கார்ந்து என்னைத் திட்டிவிட்டால் போதும், சாப்பிட்டுவிடுவான்.