பெரியப்பாவுக்கு விஷம் வைத்தது பற்றி

பெருமதிப்புக்குரிய பெரியப்பா அவர்களுக்கு,

உங்கள் தம்பி மகன் ஹியோனுங்கின் மனைவி ஹேரிம், இரு கைகளையும் தரையில் ஊன்றித் தலை தாழ்த்தி எழுதுவது. இங்கே சொங்ஜுவில் கிங்கோ பழங்கள் விழுந்து தெருவே நாறுகிறது. அங்கே யோங்ஜுவில் குளிர் தொடங்கியிருக்கும். தங்கள் உடல்நலம் எப்படி இருக்கிறது? வழக்கமாக இதைச் சம்பிரதாயத்துக்குக் கேட்பேன். இந்த முறை எனக்குப் பதில் வேண்டும்.

முதலில் ஒன்றைத் தெளிவாக்கிவிடுகிறேன். நான் கொன்ற பெரியப்பா நீங்கள் இல்லை. அவர் ஆயிரம் வருஷத்துக்கு முந்தின கொரியோ அரசர்கள் காலத்து ஆள், கணினிக்குள் இருந்தார். பிரசவ விடுப்பில் வந்ததிலிருந்து குழந்தை தாவோன் என் முதுகில் கட்டினால்தான் தூங்குகிறாள், அதுவும் நான் நின்றுகொண்டிருந்தால்தான். நின்றபடி, ஒரு விரலால், சத்தமில்லாமல் செய்யக்கூடிய வேலை என்று தேடியதில் கிடைத்தது ஒரு ராஜ்யத்தை ஆளும் விளையாட்டு. நான்கு வருஷம் பொது நிர்வாகம் படித்தவளுக்கு நிர்வகிக்க டயப்பர் மட்டுமே இருந்த நேரம் அது, பெரியப்பா. வரி போடலாம், கோட்டை கட்டலாம், கல்யாணம் பேசி எல்லையை வளர்க்கலாம், வேண்டாதவர்களுக்குப் பின்கட்டு வழியாக ஏற்பாடு செய்யலாம். அரசவைக்கு ஆட்கள் வேண்டும் என்றது. எனக்குத் தெரிந்த பெரிய குடும்பம் நம்முடையதுதான், எல்லோரையும் சேர்த்துவிட்டேன். அங்கேதான் வினை. பெரியவர்கள் பெயரை வாயால் சொல்லாத வீட்டில் வளர்ந்தவள் நான், விசைப்பலகையாலும் சொல்லக் கை வரவில்லை. எனவே தளபதியின் பெயர் ‘மாமனார்’, உளவுத்துறைத் தலைவி ‘நாத்தனார்’, அரியணைக்கு உரிமை கோருபவர் ‘பெரியப்பா’. வேறு நாட்டுப் பெண்ணாக இருந்தால் உங்கள் முழுப் பெயரைத் தட்டியிருப்பாள். மரியாதைதான் என்னைக் கவிழ்த்தது.

உங்களை, அதாவது அவரை, ஏன் கொன்றேன் என்றும் சொல்லியாக வேண்டும். எனக்கு அங்கே ஒரே மகள். கெட்டிக்காரி, அவள் பெயரும் தாவோன். பெண்ணுக்குப் பட்டம் கிடையாது, மன்னனுக்குப் பின் அவன் அண்ணனான பெரியப்பாவுக்குத்தான் என்று சட்டம். சட்டத்தை மாற்ற எல்லாப் பிரபுக்களும் தலையாட்டிவிட்டார்கள், பெரியப்பா ஒருவர் மட்டும் மாட்டேன் என்றார். விருந்து வைத்தேன், குதிரை கொடுத்தேன், தீவு கொடுத்தேன். ம்ஹூம். (தாவோனின் நூறாம் நாள் விருந்தில் நீங்கள் அரிசிக் கேக்கை மென்றுகொண்டே “பரவால்ல விடும்மா, அடுத்தது பையனா பொறக்கும்” என்று சொன்னதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. சம்பந்தமில்லை என்றுதான் நினைக்கிறேன்.)

என்னைப் போலவே விடுப்பில் இருந்து ராஜ்யம் ஆளும் மூன்று அம்மாக்களின் குழு ஒன்று என் தொலைபேசியில் இருக்கிறது. அதற்கு நேர் மேலே நம் தோ குலத்துக் குடும்பக் குழு. அன்று தாவோன் என் காதைப் பிடித்து இழுத்தாள், விரல் ஒரு வரி மேலே போனது. “ஒருவழியா பெரியப்பா காலி. மூணாவது தடவைதான் விஷம் பிடிச்சுது, கிழவருக்குக் கல்லு மாதிரி உடம்பு. இனி எல்லாம் என் பொண்ணுக்குத்தான். பெரியம்மாவை மடத்துக்கு அனுப்பிடலாம்.” இதை நாற்பது பேர் படித்தார்கள். அதற்கு முந்தின வாரம்தான் உங்கள் குடலிறக்க அறுவைக்குப் பிறகு தெம்பாக இருக்கட்டும் என்று பைன் கொட்டைக் கஞ்சி அனுப்பியிருந்தேன். அது உங்களுக்கு ஒத்துக்கொள்ளாமல் வாந்தி எடுத்தீர்கள் என்பது தற்செயல், பெரியப்பா, குழந்தை மேல் ஆணை. உல்சான் சித்தப்பா முதல் வரியோடு படிப்பதை நிறுத்திவிட்டு மூன்றடுக்குச் சாமந்தி மலர்வளையத்துக்குச் சொல்லிவிட்டார். அதை வாசலில் நீங்களே கையெழுத்துப் போட்டு வாங்கினீர்களாம். கொண்டுவந்தவன் “இறந்தவருக்கு நீங்க என்ன உறவுங்க?” என்று கேட்டானாம். நீங்கள் “ரொம்ப நெருக்கம்” என்றீர்களாம். பெரியம்மா சொல்லிச் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். வருகிற சனிக்கிழமை தாவோனுக்கு முதல் பிறந்தநாள். நீங்கள் வரப்போவதில்லை என்று தகவல். அண்ணன் உட்காராத பந்தியில் தான் எப்படி உட்காருவது என்று மாமனாரும் வரவில்லையாம், அவர் வராததால் உல்சான் வராதாம். ஹியோனுங்கிடம் அழுதேன். அவர் சாவகாசமாக, “நீ கொலை பண்ணிட்டு விருந்துக்குக் கூப்பிட்டா யாரு வருவா?” என்கிறார். இந்தக் குடும்பத்தில் நூல், தூரிகை, அரிசி எல்லாம் வைத்த மேசைக்கு முன்னால் குழந்தையை உட்கார வைப்பது மூத்தவர் கைதான். அவள் எதை எடுக்கிறாளோ அதுதான் அவள் வாழ்க்கை என்கிறார்கள். அவள் இன்னும் நடக்கவில்லை, பல் இரண்டுதான், அதற்கே எனக்குத் தூக்கம் போய்விட்டது. ஆளில்லாத கூடத்தில் அவள் தனியாக உட்கார்ந்து தூரிகையை எடுத்தாலும் அதைப் பார்த்துக் கை தட்ட யார் இருக்கிறார்கள்?

அந்த விளையாட்டை நேற்றே கணினியிலிருந்து அழித்துவிட்டேன். ராஜ்யம் போனது, பட்டம் போனது, மடத்திலிருந்த பெரியம்மாவும் போனார். நான் இனி டயப்பரை மட்டும் ஆள்கிறேன். மன்னித்து வந்துவிடுங்கள். பிறந்தநாள் கடற்பாசி சூப்பை உங்கள் முன் வைப்பதற்கு முன்னால் எல்லோர் கண்ணெதிரிலும் நான் ஒரு கிண்ணம் குடித்துக் காட்டுகிறேன்.

நீங்களும் பெரியம்மாவும் நூறாண்டு தாண்டி நலமாக இருக்க வேண்டும். இதை மனதாரச் சொல்கிறேன்.

வணக்கத்துடன்,
ஹேரிம்

பி.கு.: உறையை ஒட்டும்போது பெரியம்மா தொலைபேசியில் வந்தார். “அம்மாடி, உங்க பெரியப்பா ரெண்டு நாளா கம்ப்யூட்டரை விட்டு எழுந்திருக்கல. ‘வரலாறு வாத்தியாரா இருந்தவன் நான், சாட்சியத்தைப் பாக்காம தீர்ப்பு சொல்லமாட்டேன்’னு அந்த விளையாட்டை வாங்கினாரு. இப்ப சோறு இறங்கல. அவரு ராஜ்யத்துல பையன் குடிகாரனாம், பொண்ணு தங்கமாம். பொண்ணுக்குப் பட்டம் கட்டணும், சட்டத்தை மாத்துறது எங்கேன்னு உன்கிட்ட கேக்கச் சொன்னாரு. ஒருத்தர் மட்டும் குறுக்க நிக்கிறாராம்.”

அழித்துவிட்டேன் என்று மேலே எழுதியதை அடித்துவிடுங்கள், பெரியப்பா. மடிக்கணினியில்தான் அழித்தேன், ஹியோனுங்கின் கணினியில் இருக்கிறது. உங்கள் சட்டத்துக்குக் குறுக்கே நிற்பவர் யாரென்று பெரியம்மாவிடம் கேட்டேன். நீங்கள் ‘தம்பி’ என்று பெயர் வைத்தவராம். சனிக்கிழமை வாருங்கள், வழி இருக்கிறது, நேரில் சொல்கிறேன். மாமனார் பக்கத்தில் இல்லாதபோது கேளுங்கள். குடும்பக் குழுவில் மட்டும் கேட்டுவிடாதீர்கள்.