எட்டுப் பொன்னாடைகள் தொடர்பாக அக்காவுக்கு

வெள்ளவத்தை,
ஞாயிற்றுக்கிழமை.

பேரன்பும் மரியாதையும் உரிய சிவக்கொழுந்து அக்காவுக்கு,

தம்பி கனகசபாபதி எழுதுவது. இங்கே நானும் மகள் உஷாந்தியும் அவளுடைய தாயும் சுகமாக இருக்கிறோம். என் முழங்காலும் தாயின் பிரஷரும் போன கடிதத்தில் இருந்த நிலையிலேயே இருக்கின்றன. அங்கே உங்கள் குளிரும் அத்தானின் இடுப்பு வலியும் குறைந்திருக்க வேண்டுமென்று வெள்ளிக்கிழமை கோயிலில் இருவர் பெயரிலும் அர்ச்சனை செய்தேன். இதை வட்ஸ்அப்பில் எழுதாமல் தபாலில் எழுதுவதற்குக் காரணம், உங்கள் போனை அத்தான்தான் முதலில் பார்ப்பார் என்பது. அவர் உங்கள் கலை மன்றத்தின் தலைவர். அவருக்கு இதை எப்படிச் சொல்வதென்று நீங்கள்தான் யோசிக்க வேண்டும்.

மன்றத்துச் செயலாளர் பிரசாந் போன மாதம் இங்கே வந்து, உஷாந்தியின் இசைத்தட்டில் இருக்கும் எட்டுக் கலைஞர்களுக்கும் எடுத்த பொன்னாடை விழாவின் படங்களைப் பார்த்துக் கண்கலங்கியதாக எழுதியிருந்தீர்கள். ஆண்டு மலரில் எட்டுப் பேரின் வாழ்க்கைக் குறிப்பும் வரப்போவதாகவும் எழுதியிருந்தீர்கள். அக்கா, அது அச்சுக்குப் போகக்கூடாது. அந்த எட்டுப் பேரில் ஒருவரும் கலைஞர் இல்லை.

தொடக்கத்திலிருந்து சொல்கிறேன். உஷாந்தி வார நாட்களில் பம்பலப்பிட்டியில் ஒரு கணினி நிறுவனத்தில் வேலை செய்கிறாள், சனி ஞாயிறுகளில் கலியாண வரவேற்புகளுக்கு டீஜேயாகப் போகிறாள் என்பது உங்களுக்குத் தெரியும். டீஜே என்றால் மற்றவர்கள் செய்த பாட்டுகளை இடைவெளி விடாமல் ஒன்றோடொன்று இணைத்து ஆட வைப்பவர், அப்படி இணைத்ததை ஒரு மணித்தியாலத் தட்டாக வெளியிட்டால் அதற்கு மிக்ஸ் ஆல்பம் என்று பெயர் என்பதை அவளே எனக்குப் பொறுமையாக விளங்கப்படுத்தினாள். அவள் விளங்கப்படுத்தாமல் விட்டது, தன் அறைக்குள் மடிக்கணினியில் தானே சொந்தமாக இசை செய்கிறாள் என்பதை. வாய்ப்பாட்டு இல்லை, வீணை இல்லை, எல்லாம் கணினிக்குள் இருந்து வரும் துடிப்பும் இரைச்சலும்தான். ஒருமுறை கொட்டாஞ்சேனையில் ஒரு வரவேற்பில் அப்படி ஒன்றை இடையில் நுழைத்திருக்கிறாள். மண்டபமே எழும்பி ஆடியிருக்கிறது. மாப்பிள்ளையின் தமையன் ஓடி வந்து இது யாருடையது என்று கேட்க, இவள் என்னுடையது என்று உண்மையைச் சொல்ல, அந்த மனுஷன் முகம் சுருங்கி, அப்படியென்றால் நல்ல பாட்டு ஏதாவது போடு தங்கச்சி என்றாராம். அடுத்த கிழமை இன்னொரு மண்டபத்தில் அதையே போட்டு, கேட்டவரிடம் மர்ஸூக் என்று ஒருவருடையது என்று சொல்லியிருக்கிறாள். அவர் அந்தப் பெயரைப் பயபக்தியோடு போனில் குறித்துக்கொண்டு, இன்னொருமுறை போடச் சொன்னாராம். மர்ஸூக் என்பவர் எங்கள் கட்டடத்தில் தண்ணீர் மோட்டரைப் பார்த்துக்கொள்கிறவர்.

அந்தப் பழக்கத்திலேதான் இந்தத் தட்டு பிறந்தது. எட்டுப் பாட்டையும் தானே செய்து, கீழே லிஃப்டுக்குப் பக்கத்தில் தொங்கும், குடியிருப்பவர்களும் வேலை செய்பவர்களும் அடங்கிய பெயர்ப்பலகையைப் பார்த்து எட்டுப் பெயரை எடுத்து, பக்கத்தில் வெள்ளவத்தை என்று ஊரையும் போட்டுவிட்டு, தன் பெயரைத் தொகுத்தவர் என்று கடைசியில் சின்ன எழுத்தில் போட்டாள். வெளிநாடுகளில் டீஜேமார் தங்கள் சொந்த இசையாலேயே முழுத் தட்டையும் நிரப்பித் தங்கள் பெயரிலேயே விடுகிறார்களாம், அதைப் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறார்களாம். இங்கே அப்படிச் செய்தால் ஒருவரும் கேட்கமாட்டார்கள் என்று பிறகு என்னிடம் சொன்னாள். இணையத்தில் அதைக் கேட்ட அத்தானின் மன்றம், வெள்ளவத்தையில் மட்டும் எட்டுத் தமிழ்க் கலைஞர்களா என்று வியந்து பொன்னாடைகளோடு பிரசாந்தை அனுப்பியது.

பிரசாந் முன்கூட்டியே சொல்லாமல் எங்கள் கட்டடத்துக்கு வந்துவிட்டான், அக்கா. அதுதான் எல்லாவற்றுக்கும் காரணம். உஷாந்தி வேலைக்குப் போயிருந்தாள். அவன் கீழே பெயர்ப்பலகையைப் பார்த்து எட்டுப் பெயரும் அங்கே இருப்பதைக் கண்டு, கண்ணீரோடு படம் எடுத்துவிட்டுக் கதவு கதவாகத் தட்டியிருக்கிறான். இரண்டாம் மாடி நாகேந்திரம் அண்ணர் இன்சூரன்ஸ் கந்தோரில் வேலை பார்த்து இளைப்பாறியவர். நாற்பது வருடத்துக்கு முன் கந்தோர் விருந்தொன்றில் இரண்டு பாட்டுப் பாடினாராம். ஐயா உங்கள் இசையைக் கேட்டோம் என்று ஒருவன் வந்து நின்றபோது, இவ்வளவு காலம் எடுத்ததே என்றுதான் அவர் நினைத்தார். பொன்னாடை மோட்டர் திருத்தியதற்கு என்று நினைத்து மர்ஸூக் சம்மதித்தார். மூன்றாம் மாடி நர்ஸ் ஷெரோமி தனக்கும் பாட்டுக்கும் சம்பந்தமில்லை என்று மூன்று மொழியிலும் சொன்னா, அவவின் தன்னடக்கத்தை அவன் மெச்சினான். படிகளைக் கூட்டித் துடைக்கிற ராக்கம்மா மட்டும் யார் பெயருக்கு என்று கேட்டிருக்கிறா. அவன் தாளைப் பார்த்து, ராக்கம்மா, வெள்ளவத்தை என்று வாசித்தான். "எம் பேருதாங்க," என்றா. அதில் பொய் ஒன்றும் இல்லை. ஆறாம் பாட்டுக்குப் பெயர் போயிருந்த பூபாலசிங்கம் மட்டும் கண் ஒப்பரேஷனுக்காக யாழ்ப்பாணம் போயிருந்தார்.

எனக்கு விஷயம் தெரிய வந்தது விழாவுக்கு முதல் நாள். உஷாந்தியே வந்து சொன்னாள். நான் பரீட்சைப் பகுதியில் முப்பத்தொரு வருடம் இருந்தவன் என்பதை நீங்கள் அறிவீர்கள். தம்பிக்காகத் தமையன் எழுத வந்தது, மச்சாளுக்காக மச்சாள் எழுத வந்தது என்று எத்தனையோ பேரைக் கையெழுத்தை வைத்துப் பிடித்தவன். ஒருவர் எட்டுப் பேராக எழுதுவதை நான் கண்டதில்லை. காதில் மாட்டி எட்டுப் பாட்டையும் முழுதாகக் கேட்டேன். ஒவ்வொன்றிலும் எங்கேயோ ஓரிடத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் போகும் கரையோர ரயில் கேட்கிறது, எங்கள் லிஃப்ட் கதவு மூடுகிறது. ஒரே கையெழுத்து. நான் இசை அறியாதவன். ஆனாலும் நாலாவது பாட்டில் அந்த ரயில் தூரத்தில் போய் மறைந்து, திரும்ப வராமல் இருக்கிற இடத்தை இன்னும் மூன்று தரம் போட்டுக் கேட்டேன் என்பதை உங்களிடம் மறைக்கவில்லை.

விழா எங்கள் வீதியோரத்து மண்டபத்தில் பின்னேரம் நாலு மணிக்கு. நாகேந்திரம் அண்ணர் பதினொரு நிமிடம் பேசினார். இசைக்காகத் தான் பட்ட துன்பங்களைச் சொன்னார், அவருடைய மனைவி அதையெல்லாம் முதல் தடவையாகக் கேட்டுக்கொண்டிருந்தா. ராக்கம்மா பொன்னாடையைக் கழற்றாமல் நிமிர்ந்து இருந்தா. கடைசியாக உஷாந்தியைக் கூப்பிட்டு, பாடல்களைத் தொகுத்து உதவியமைக்காக என்று ஒரு பத்திரம் கொடுத்தார்கள். பொன்னாடை முடிந்துவிட்டதாம். பூபாலசிங்கத்தின் பொன்னாடை வெறுங்கதிரையில் மடித்து வைத்தபடி இருந்தது. அதைப் பார்த்ததும் எனக்குப் பொறுக்கவில்லை, அக்கா. மேடையில் ஏறிவிட்டேன். சபையோரே, இந்த எட்டும் ஒரு பிள்ளை செய்தது, எட்டிலும் ஒரே ரயில் போகிறது, வேண்டுமானால் கேட்டுப் பாருங்கள் என்று ஒழுங்காக, நிதானமாகச் சொன்னேன்.

பிரசாந் என் தோளில் கை வைத்தான். "எட்டுப் பேரும் ஒரே கட்டடத்திலதானே அங்கிள் இருக்கினம். அப்ப ஒரே ரயில்தானே கேக்கும்," என்றான்.

சபை தலையாட்டியது. நான் உஷாந்தியைப் பார்த்தேன். அவள் மைக்கை வாங்கி, "அப்பாவுக்கு என்னில பாசம் கூட. அதுதான் இப்பிடிக் கதைக்கிறார். குறை நினைக்காதேங்கோ," என்று சொல்லிவிட்டாள். எல்லோரும் கைதட்டினார்கள். முப்பத்தொரு வருடம் பொய்யைப் பிடித்தவன் வெள்ளவத்தை முழுவதற்கும் முன்னால் பொய்யனாகிக் கீழே இறங்கினேன்.

வீட்டுக்கு வந்து இரண்டு நாள் அவள் சாப்பிட வருவதற்கு முன்பே நான் சாப்பிட்டுவிட்டு எழும்பினேன். மூன்றாம் நாள் அவள் தேத்தண்ணியோடு வந்து முன்னால் இருந்தாள்.

"ராக்கம்மாவின்ர முகத்தைப் பாத்தனீங்களோ அப்பா? அந்தப் பொன்னாடையை எப்பிடிக் கழட்டச் சொல்றது?"

"உன்ர பேர் போச்சே."

"எட்டுப் பேருக்கும் கைதட்டினவை. எட்டும் எனக்குத்தானே."

சொல்லும்போது சிரித்தாள். ஆனாலும் பத்திரத்தை மேசை இலாச்சிக்குள் கவிழ்த்து வைத்திருக்கிறாள், நான் பார்த்தேன். பிள்ளைகளுக்கு அப்படித்தான் இருக்கும். எழுதியவரின் பரீட்சைச் சுட்டெண்ணைப் பிழையாகப் போட்ட விடைத்தாளுக்கு, அது எவ்வளவு நல்ல விடைத்தாளாக இருந்தாலும், உரியவருக்குப் புள்ளி போகாது. ஆகவே, அக்கா, தயவுசெய்து அத்தானிடம் பக்குவமாகச் சொல்லி, ஆண்டு மலரில் எட்டுக் குறிப்பையும் எடுத்துவிட்டு, எட்டும் செல்வி உஷாந்தி கனகசபாபதி ஆக்கியவை என்று ஒரு வரி போடச் செய்யுங்கள். உண்மை உண்மையாக அச்சேற வேண்டும். இது என் முடிவான வேண்டுகோள்.

அத்தானுக்கும் மருமக்களுக்கும் எங்கள் அன்பு. இந்தக் குளிர்காலத்தில் உங்கள் வீட்டில் ஒருவருக்கும் சளிகூடப் பிடிக்காதிருக்க வேண்டும்.

என்றும் உங்கள் சொல் கேட்கும்
தம்பி கனகசபாபதி

பி.கு.: கடிதத்தை ஒட்ட முன்பு இன்று பின்னேரம் உங்கள் ஊர்த் தமிழ் வானொலியிலிருந்து வீட்டுப் போனுக்கு எடுத்தார்கள். பூபாலசிங்கத்தோடு கதைக்க வேண்டுமாம், நம்பரைப் பிரசாந் கொடுத்தானாம். உஷாந்தி வெளியே போயிருந்தாள். பிழையான நம்பர் என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். அதற்குள் அந்த அறிவிப்பாளர், "தொகுத்த பிள்ளை கெட்டிக்காரியோ ஐயா?" என்று கேட்டுவிட்டார். நான், "பூபாலசிங்கம்தான் கதைக்கிறன்," என்றேன். இருபத்தைந்து நிமிடம் கதைத்தேன். எங்கள் எட்டுப் பேரிலும் பார்க்க அவள்தான் பெரிய கலைஞர் என்றும், அவள் தொடாவிட்டால் என் பாட்டு ஒன்றுக்கும் உதவாது என்றும் சொன்னேன். தகப்பனாகச் சொன்னபோது ஒரு மண்டபமே நம்பவில்லை. இந்த மனுஷன் ஒவ்வொரு சொல்லையும் நம்பி, அடுத்த தட்டை அவளுடைய பெயரிலேயே முழுதாகப் போட வேண்டும், நாங்களே அதை முதலில் ஒலிபரப்புவோம் என்று கேட்டு எழுதிக்கொண்டார். ஆகவே மேலே கேட்டதொன்றையும் செய்ய வேண்டாம். எட்டுக் குறிப்பும் மலரில் அப்படியே வரட்டும், ஆறாம் குறிப்பில் பூபாலசிங்கம் பரீட்சைப் பகுதியில் முப்பத்தொரு வருடம் இருந்தவர் என்று திருத்திப் போடச் சொல்லுங்கள், கதையோடு கதையாக அதையும் சொல்லிவிட்டேன். அடுத்த மாதக் கடைசிச் செவ்வாய்க்கிழமை பின்னேரம் ஒலிபரப்பாம். அத்தானை அந்த நேரம் எங்கேயாவது வெளியில் அனுப்பிவிடுங்கள், அவருக்கு என் குரல் நன்றாகத் தெரியும்.